வெள்ளிக்கிழமையில் மீன்

செப்ரெம்பர் 5, வியாழன்

தபாலில் ஒரு கொப்பி வந்தது. அட்டையில் சிரிக்கிற சூரியன். உள்ளே ஒரு கடிதம்: "உங்கள் உணர்வுகளை இதில் நாள்தோறும் எழுதுங்கள்." எழுதுகிறேன். இன்றைய உணர்வு எரிச்சல்.

எல்லாம் மகள் தாரணி பார்த்த வேலை. முதியவர்களின் தனிமையைப் போக்குவதற்கு ரெலிபோன் குழுவாம். பத்து வாரம், வெள்ளிக்கிழமைகளில் பகல் பதினொரு மணிக்கு. ஜேர்மனி முழுவதும் சிதறிக் கிடக்கிற தமிழ்க் கிழடுகளை ஒரே கம்பியில் கோர்த்துக் கதைக்க விடுவார்களாம். நாங்கள் எடுக்கவும் தேவையில்லை, கணினி தானே எங்களுக்கு எடுக்குமாம்.

"நீங்கள் ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லை அம்மா" என்று தாரணி குறைப்பட்டாள். கதைக்கத் தகுந்த ஆள் இருந்தால் கதைக்க மாட்டேனா. முப்பத்தெட்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். அதில் இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. இயந்திரச் சத்தத்தில் ஒருவரோடும் கதைக்க வேண்டியிருக்கவில்லை. அது அருமையான வேலை.

கடிதத்தோடு ஒரு கேள்விக்கொத்தும் வந்தது. யாரோ வெள்ளைக்காரர் எழுதியதை யாரோ தமிழாக்கியிருக்கிறார்கள். "எத்தனை முறை நீங்கள் விடுபட்டதாக உணர்ந்தீர்கள்?" ஒருமுறை என்று எழுதினேன், புருஷன் செத்த அன்று.

இரவுக்குப் பாணும் சீஸும்.

செப்ரெம்பர் 6, வெள்ளி

முதலாவது கூத்து நடந்து முடிந்தது.

நடத்துகிற பிள்ளையின் பெயர் ஷாயினி. இங்கே பிறந்து சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தது. "அனைவருக்கும் வணக்கம். இது ஒரு பாதுகாப்பான வெளி" என்று தொடங்கியது. பாதுகாப்பு வேண்டுமென்றால் உள்ளே அல்லவா இருக்கவேண்டும்.

பிறகு விதிகளை வாசித்தது. ஒருவரையொருவர் ஊர் கேட்கக்கூடாது. கோயில், அரசியல், பிள்ளைகளின் உத்தியோகம் பற்றிக் கதைக்கக்கூடாது. வருத்தத்துக்கு மருந்து சொல்லக்கூடாது. இவ்வளவையும் கழித்தால் ஒரு யாழ்ப்பாணத்து மனிதரிடம் மிஞ்சுவது இருமல்தான். முதல் பத்து நிமிடம் எல்லோரும் இருமினோம்.

ஐந்து பேர் இருக்கிறோம். இரண்டு பேர் மூச்சு மட்டும் விட்டார்கள். பரமலிங்கம் என்று ஒரு ஓய்வுபெற்ற சமையற்காரர், ஏதோ ஓட்டலில் இருந்தவராம், வாய்க்குப் பூட்டில்லாத மனுஷன்.

"பிள்ளை, ஊர் கேக்கக் கூடாதெண்டால் ஆரோட கதைக்கிறமெண்டு என்னெண்டு தெரியிறது?"

"மனிதரோடு கதைக்கிறோம், ஐயா."

"அது விளங்குது. எந்த ஊர் மனிசர்?"

அந்தப் பிள்ளைக்கு வியர்த்திருக்கும். "இன்றைக்கு என்ன சமைத்தீர்கள் என்று சொல்லுவோமா" என்று பேச்சை மாற்றியது.

உடனே ஐந்தாவது ஆள், யோகாம்பிகை என்ற மனுசி, வாய் திறந்தது. எழுபத்து நாலு வயதாம், என்னிலும் நாலு மூப்பு.

"விடிய எழும்பி அப்பம் சுட்டனான். பேரன் பாலப்பம்தான் கேப்பான். பேத்திக்கு முட்டை அப்பம் வேணும். இண்டைக்கு வெள்ளியெல்லே, முட்டை இல்லை எண்டிட்டன். ஊரைவிட்டு வெளிக்கிட்டு முப்பத்தாறு வருஷம், வெள்ளியில மச்சம் கையால தொட்டதில்லை. மகனுக்கும் மருமகளுக்கும் அது தெரியும், என்ர வீட்டில வெள்ளியெண்டால் மரக்கறிதான்."

மீனும் இறைச்சியும் முட்டையும் மச்சம். வெள்ளியில் விலக்குவது சைவக்காரர் எல்லோரும் செய்வது. இதற்கு ஒரு பிரசங்கமா. வீடு நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு தனிமைக் குழுவுக்கு ஏன் வந்தது என்று கேட்க நாக்குத் துடித்தது. மற்றவர்களின் பசியைக் கிளப்ப வந்திருக்கிறது.

என்னைக் கேட்டபோது கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, ஒரு வறை என்று சொன்னேன். சமைத்திருந்தால் அதைத்தான் சமைத்திருப்பேன், ஆகவே பொய் இல்லை.

செப்ரெம்பர் 8, ஞாயிறு

தாரணி எடுத்தாள். குழு எப்படி என்று கேட்டாள். நல்ல முசுப்பாத்தி, சிரிப்புக்குக் குறைவில்லை என்றேன். ஏழு நிமிடம். அவளுக்கு ஆயிரம் வேலை.

செப்ரெம்பர் 13, வெள்ளி

இன்றைக்கு மூச்சுப் பயிற்சி. "ஆழமாக இழுங்கள், மெதுவாக விடுங்கள்." இழுத்துக்கொண்டிருக்கும்போதே பரமலிங்கம் குறட்டை விட்டார். எழும்பியதும் தன் நம்பரைச் சத்தமாகச் சொல்லி, எல்லோரும் எழுதிக்கொள்ளுங்கோ, அலுப்பாயிருந்தால் எடுங்கோ என்றார். ஷாயினி பதறிப்போய், அது விதிக்கு மாறு, ஒருவரும் எழுதவேண்டாம் என்றது. இந்த மனுஷனின் நம்பரை யார் எழுதப்போகிறார்கள்.

யோகாம்பிகை வீட்டில் இன்றைக்குப் பிட்டும் சம்பலும். மருமகள் தேங்காய் திருவிக் கொடுத்தாளாம். பேரன் மடியில் வந்து இருந்தானாம். கொடுத்து வைத்த மனுசி. இல்லாவிட்டால் பெரும் புளுகி.

செப்ரெம்பர் 17, செவ்வாய்

மழை. கடையில் காசு வாங்குகிற பெண்ணுக்கு நன்றி சொல்ல வாய் திறந்தால் வெறும் காற்றுத்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் வெள்ளிக்குப் பிறகு இன்றைக்குத்தான் வாய் திறக்கிறேன். ஞாயிறு தாரணி எடுக்கவில்லை. எல்லாம் இந்தக் குளிரால் வருகிற தொண்டைக்கட்டு.

பாணும் ஜாமும்.

செப்ரெம்பர் 20, வெள்ளி

பத்தரைக்கே ரெலிபோன் பக்கத்தில் இருந்தேன், அந்த மேசையில் தூசு துடைக்க வேண்டியிருந்தது.

யோகாம்பிகை இன்று கூழ் காய்ச்சியதாம், மரக்கறிக் கூழ், வீட்டில் எல்லோரும் வட்டமாக இருந்து குடித்தார்களாம். பேரனுக்கு எட்டு வயது என்றது. முதல் வாரம் ஆறு வயது என்று சொன்ன ஞாபகம். இரண்டு வாரத்தில் இரண்டு வயது கூடுகிற பிள்ளை உலகத்தில் வேறெங்கும் இல்லை. கொப்பியின் பின்பக்கத்தில் இந்த மனுசியின் சாப்பாடுகளையும் பிள்ளைகளின் வயதுகளையும் எழுதி வைத்திருக்கிறேன். பலநாள் கள்ளன் ஒருநாள் அகப்படுவான்.

என்னிடம் கேட்டபோது பூசணிக்காய், வாழைக்காய், அப்பளம் என்று போட்டேன். பரமலிங்கம் "தங்கச்சி வீட்டுச் சாப்பாட்டைக் கேக்கவே வாயூறுது" என்றார். எனக்கும் ஊறியது.

செப்ரெம்பர் 27, வெள்ளி

அகப்பட்டது.

இன்றைக்கு அந்த மனுசியின் குரலே வேறாக இருந்தது. மூச்சு வாங்க வாங்கக் கதைத்தது. கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி எதிரொலி வேறு.

"பிள்ளை, நான் முதல் சொல்லட்டோ. கையெல்லாம் மஞ்சளும் மீனும், அதால ஸ்பீக்கரில போட்டிருக்கிறன். இண்டைக்கு விளைமீன் குழம்பு. தலையைத் தனியா வைச்சிருக்கிறன். நான் உங்களுக்கு ஒரு விசயம் சொல்ல வேணும்…"

விடுவேனா.

"அக்கா, இண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்றேன்.

நிறுத்தாமல் அடுத்ததையும் கேட்டேன்.

"முப்பத்தாறு வருஷம் வெள்ளியில மச்சம் தொடாத கை எண்டனீங்கள். மகன், மருமகள், பேரப்பிள்ளையள் எல்லாரும் உங்களோட ஒரே வீட்டில எண்டும் கிழமைக்குக் கிழமை சொல்லிறீங்கள். அவையள் ஒருத்தருக்கும் இண்டைக்கு வெள்ளியெண்டு தெரியாதோ? இல்லாட்டி அந்த வீட்டில ஆக்களே இல்லையோ?"

பரமலிங்கம் சிரித்துவிட்டார். மூச்சு விடுகிற இருவரில் ஒருவரும் சிரித்தார், அவருக்குக் குரல் இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. யோகாம்பிகையின் பக்கத்திலிருந்து கதிரை இழுபடுகிற சத்தம் ஒன்று கேட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம். பிறகு இயந்திரக் குரல், ஒருவர் விலகிவிட்டார் என்றது.

"கோமளேஸ்வரி அம்மா, நாங்கள் இங்கே யாரையும் மதிப்பிடுவதில்லை" என்றது ஷாயினி.

மதிப்பிடாவிட்டால் ஒரு மணித்தியாலத்தை எப்படிப் போக்குவது.

எழுதி வைத்ததெல்லாம் வீண்போகவில்லை. அந்த வீட்டில் ஒரு குருவியும் இல்லை. மனுசி தனியே இருந்துகொண்டு ஞாபகத்திலிருந்து சமையல் வாசிக்கிறது. கிழமை மாறிப்போய்ப் பிடிபட்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், இது மூன்று வாரம் தாக்குப் பிடித்தது.

செப்ரெம்பர் 28, சனி

சும்மா கிடந்த கத்தரிக்காயை இன்று சமைத்தேன். உப்புக் கூடிவிட்டது. பாதியைக் கொட்டினேன்.

ஒக்ரோபர் 4, வெள்ளி

யோகாம்பிகை வரவில்லை. கணினி எடுத்ததாம், ஆள் எடுக்கவில்லையாம்.

என்ன சமைத்தீர்கள் என்று ஷாயினி கேட்டது. பரமலிங்கம் "ஒண்டுமில்லை" என்றார். மூச்சுக்காரர்கள் மூச்சு விட்டார்கள். எனக்கும் வாய்க்கு ஒரு கறியின் பெயரும் வரவில்லை. இருபது நிமிடத்திலேயே முடித்துவிட்டார்கள். அந்த மனுசிதான் இத்தனை நாளும் எங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சமைத்திருக்கிறது.

ஒக்ரோபர் 8, செவ்வாய்

வெள்ளியில் மீன் சமைக்கிற சைவக்காரிக்குக் கிழமை தெரியவில்லை என்று பொருள். கிழமை தெரியாவிட்டால் அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை, வேலை இல்லை, கோயிலுக்குக் கூட்டிப்போக ஒருவர் இல்லை. இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், பொது அறிவு.

எங்கள் கட்டடத்தில் நாலாம் மாடிக் கிழவரை மாசி மாதம் அவர் செத்து ஒன்பது நாள் கழித்துத்தான் எடுத்தார்கள். மணம் வந்த பிறகு. ஒன்பது நாளும் நான் அந்தப் படியால் ஏறி இறங்கியிருக்கிறேன்.

யோகாம்பிகை போனை வைத்து இன்றைக்குப் பதினொரு நாள்.

ஒக்ரோபர் 11, வெள்ளி

இன்றைக்கும் இல்லை. குழு முடிந்ததும் ஷாயினியைத் தனியாகப் பிடித்தேன்.

"பிள்ளை, அவவின்ர நம்பரைத் தா."

"தர முடியாது அம்மா. தரவுப் பாதுகாப்பு."

"ஆளைப் பாதுகாக்கிறதுக்கு உங்களிட்ட ஏதும் இருக்கோ?"

"நான் இரண்டு தரம் எடுத்தேன். மெசேஜும் விட்டேன். திங்கட்கிழமை மேலதிகாரியுடன் கதைக்கிறேன்."

திங்கட்கிழமை. பிணத்துக்கும் அலுவலக நேரம் பார்க்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை இரண்டு தரம் எடுத்துப் பார்த்திருக்கிறது, அதை எழுதாமல் விட்டால் அநியாயம்.

பரமலிங்கத்தின் நம்பர் கொப்பியின் பின் அட்டையில் இருந்தது. எப்போது எழுதினேனோ தெரியாது. எடுத்தேன்.

"அண்ணை, யோகாம்பிகை எவடம், எந்த ஊர்?"

மனுஷன் இதற்காகவே ஐந்து வாரம் காத்திருந்தவர் மாதிரிப் பாய்ந்தார். "கரவெட்டி. முதல் நாளே கண்டுபிடிச்சிட்டன், அந்த இழுவை வேற ஆருக்கு வரும். கரவெட்டியெண்டால் என்ர மச்சான்ர பகுதி. வையுங்கோ போனை, திருப்பி எடுக்கிறன்."

மச்சானைக் கேட்டார். மச்சான் கனடாவில் இருக்கிற பழைய தபாற்கந்தோர்க்காரர் ஒருவரைக் கேட்டாராம். அவர், யோகாம்பிகையின் தமையன் தன்னோடு வேலை செய்தவர், தமையனின் மகள் ஸ்ருட்காட்டில் இருக்கிறாள் என்றாராம். நாற்பது நிமிடத்தில் நம்பர் என் கையில். கேட்கக்கூடாது என்று விதி போட்ட ஒரே கேள்வியால் வந்தது.

"அந்தத் தமையன்ர மகள் என்ன சொன்னவள்?" என்று பரமலிங்கத்தைக் கேட்டேன்.

"மாமியோட கதைச்சு ஒரு மாசத்துக்கு மேலயாம். மாமி தனியத்தானாம், தங்கச்சி. மகன் குடும்பம் கனடாவுக்குப் போய் ஆறு வருஷமாம்."

நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஒரு சந்தோஷமும் வரவில்லை. நம்பரை வைத்துக்கொண்டு பின்னேரம் முழுதும் இருந்தேன். எடுத்தால் யார் எடுப்பார்கள், எடுக்காவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

ஒக்ரோபர் 12, சனி

காலை ஒன்பது மணிக்கு எடுத்தேன். ஏழு தரம் மணி அடித்தது. எட்டாவதில் எடுத்தார்.

உயிரோடு இருக்கிறார். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

"ஆர்?"

"நான் கோமளம்."

"எந்தக் கோமளம்?"

"வெள்ளிக்கிழமைக் கோமளம்."

அவர் போனை வைக்கவில்லை. நான் என்ன சொல்லவேண்டும் என்று விடியற்காலையிலிருந்து பாடமாக்கி வைத்திருந்தேன். மடமடவென்று கொட்டினேன்.

"அக்கா, நானும் தனியத்தான் இருக்கிறன். நான் சொன்ன கறி ஒண்டும் நான் சமைக்கேல்லை. நான் தின்னிறது பாணும் ஜாமும். நீங்கள் இல்லாத ஆக்களுக்குச் சமைச்சதெண்டு சொன்னதுக்கு வெக்கப்பட ஒண்டுமில்லை. கிழமை ஆருக்கும் மாறும். திரும்பி வாங்கோ."

இதைச் சொன்னபோது எனக்கு என்னைப் பற்றி நல்ல எண்ணமாகத்தான் இருந்தது. குற்றத்தை மன்னிக்கிற பெரிய மனுசி போல இருந்தேன்.

"எனக்குக் கிழமை மாறேல்லை" என்றார். "அண்டைக்கு நான் மீன்தான் சமைச்சனான்."

எனக்கு விளங்கவில்லை.

"மகன் வந்தவன். வேலை அலுவலா வந்தவனாம், எனக்கே தெரியாது. காலமை மணி அடிச்சுது, திறந்தால் மீன் பையோட நிக்கிறான். 'வெள்ளியெண்டு தெரியும் அம்மா, ஆனால் நாளைக்கு நான் நிக்கமாட்டன், உங்கட குழம்பு வேணும்' எண்டான். ஆறு வருஷத்துக்குப் பிறகு வந்த பிள்ளை கேட்டால் விரதத்தைப் பாக்கிறதோ, பிள்ளையைப் பாக்கிறதோ? சமைச்சன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கதான் உங்கட போன் வந்தது. இவ்வளவு நாளும் பொய்யாச் சொல்லிப்போட்டன், இண்டைக்கு உண்மையைச் சொல்லுவம், அவன்ர குரலையும் எல்லாரும் கேக்கட்டும் எண்டு ஸ்பீக்கரைப் போட்டன்."

அதற்குப் பிறகு அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் குரல் அந்தச் சமையலறையில் சத்தமாகக் கேட்டிருக்கும். எல்லாரும் உங்களோட ஒரே வீட்டில எண்டு சொல்லிறீங்கள்.

ஆனாலும் அவர் சொன்னார். "அவன் என்னைப் பாத்தான். 'நாங்கள் உங்களோட இருக்கிறம் எண்டோ அம்மா சொல்லி வைச்சிருக்கிறியள்?' எண்டு கேட்டான். கதிரையைத் தள்ளிப்போட்டு எழும்பிக் கையைக் கழுவினான். ஒண்டரைக்குப் போக வேண்டியவன் பதினொண்டரைக்கே வெளிக்கிட்டிட்டான். போய்ச் சேந்திட்டன் எண்டு ஒரு வரி எழுதினவன். அவ்வளவுதான்."

எழுபது வயதில் இப்படி வெட்கப்பட்டதில்லை. பொய்க்காரியைப் பிடிக்கிறேன் என்று, அந்த மனுசி வாழ்க்கையில் உண்மை சொல்ல வாய் திறந்த ஒரே நாளில் வாயிலடித்திருக்கிறேன். அதுவும் பிள்ளைக்கு முன்னால்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றேன்.

"உங்கட மன்னிப்பை வைச்சு நான் என்ன செய்யிறது?" குரலில் கோபம் இருந்தது. இருக்கத்தானே வேண்டும். "அவன் எட்டரைக்கு வந்தவன். நீங்கள் பதினொண்டுக்கு எடுத்தனீங்கள். நடுவில ரெண்டரை மணித்தியாலம் இருந்தது. அதை நான் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஆரிட்டச் சொல்லுறது? அண்டைக்குச் சொல்ல வந்தது அதைத்தான். இப்ப இருந்து கேளுங்கோ. இடையில வாய் திறக்கப்படாது."

கதிரையை இழுத்து இருந்தேன்.

மணி அடித்ததிலிருந்து தொடங்கினார். கதவைத் திறந்தபோது மகனை மட்டுக்கட்ட முடியவில்லையாம், முன்தலை வழுக்கை விழுந்துவிட்டதாம். சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்தானாம். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினானாம். மீனைத் தானே கழுவித் தருகிறேன் என்று நின்றவன், செதில் குத்தி விரலைச் சூப்பிக்கொண்டு நின்றானாம், சின்ன வயதில் நின்ற மாதிரியே. குழம்பு கொதிக்கும்வரை சோபாவில் சாய்ந்து அப்படியே நித்திரையாகிவிட்டானாம். அடுப்பைக் குறைத்துவிட்டு இவர் அவனைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம்.

பிறகு குழம்புக்கு வந்தார். ஒவ்வொன்றாகச் சொன்னார். பழப்புளி, தூள், வெந்தயம், கடைசியில் ஒரு துண்டு கறுவாப்பட்டை. இரண்டாந்தரமும் சோறு கேட்டுப் போட்டு, குழம்பை அள்ளி அள்ளி விட்டுச் சாப்பிட்டானாம்.

இரண்டரை மணித்தியாலத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மணித்தியாலம் பிடித்தது. விளைமீன் குழம்புக்குக் கறுவாப்பட்டை போடுகிற ஒருவரை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. வாய் திறக்கவில்லை.